தொகுதி போயிற்று, திட்டம் நின்றது



தேர்தலில் தோற்றுப்போன ஒருவரைப் பற்றி இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு உரையாட அமர்ந்திருக்கிறேன். வென்றவர்களைப் பற்றி எழுத ஏடுகள் ஆயிரம் உண்டு; அவர்களுக்கு மாலை சூட்டக் கைகள் பல்லாயிரம் உண்டு. நான் சொல்லப்போகும் மனிதரோ, ஒரு மாகாணத்தைத் தொடர்ந்து பதினேழு ஆண்டுகள் ஆண்டவர். அடுத்தடுத்து ஐந்து பொதுத் தேர்தல்களில் தம் கட்சிக்கு வெற்றி தேடித் தந்தவர். அப்படிப்பட்டவர், அதே மாகாணத்தின் தலைநகரில், தாம் முதலமைச்சராக வீற்றிருந்த அதே ஊரில், நாடாளுமன்றத் தொகுதிக்கு நின்று, 1962 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் நாள் பெருந்தோல்வி கண்டார்.

அவர் பெயர் டாமி டக்ளஸ். மாகாணம், கனடா நாட்டுச் சஸ்காட்சுவான். தலைநகரம் ரெஜைனா.

‘நமக்கும் அந்தப் பனி நாட்டுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?’ என்று புருவத்தை நெரிக்கும் தோழர்கள் இருக்கக்கூடும். இல்லாத உறவை வலிந்து காட்ட நான் வரவில்லை. ஆனால், ஒரு கேள்வி எல்லா நாட்டுக் கட்சித் தொண்டருக்கும் பொதுவானது. தலைவர் ஒருவரின் பொதுவாழ்வை எதைக் கொண்டு அளப்பது? நாற்காலியில் அமர்ந்திருந்த ஆண்டுகளைக் கொண்டா? வென்ற தொகுதிகளின் எண்ணிக்கையைக் கொண்டா? அல்லது, அவர் போன பின்பு, அவரை எதிர்த்தவர்களே அரியணை ஏறிய பின்பு, அவர் செய்தவற்றுள் எது அழிக்கப்படாமல் நிற்கிறதோ அதைக் கொண்டா? மூன்றாவது அளவுகோலே நேரியது என்பது என் துணிபு. அந்தக் கோலைக் கையில் எடுத்துக்கொண்டே டக்ளசை அளந்து பார்ப்போம். அளக்கும்போது, அந்த மனிதர் ஒருவரே அளவுக்கு உரியவர் அல்லர் என்பதும் புலப்படும். அதைப் பிறகு சொல்கிறேன்.

1904 ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் பால்கர்க் ஊரில், இரும்பு வார்ப்படத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் டக்ளஸ். சிறுவனாக இருந்தபோதே முழங்காலில் அடிபட்டு, எலும்பிலே சீழ் பிடித்தது. குடும்பம் கனடாவின் வின்னிபெக் நகருக்குக் குடியேறிற்று. நோயும் கூடவே குடியேறிற்று. காலை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று மருத்துவமனையிலே கூறிவிட்டனர். தனி வல்லுநரை அழைத்துக் காட்டத் தந்தையிடம் பொருள் இல்லை. அப்போது அறுவை வல்லுநர் ஒருவர், மாணவர்கள் உடனிருந்து பார்த்துப் பயில இசைவதானால் கட்டணம் இல்லாமலே முயன்று பார்க்கிறேன் என்றார். பெற்றோர் இசைந்தனர். கால் பிழைத்தது. பிழைத்த அந்தக் காலோடுதான் டக்ளஸ் பின்னாளில் குத்துச்சண்டை மேடை ஏறி, மனிடோபா மாகாணத்து இலகு எடைப் பட்டத்தை இரண்டு முறை வென்றார்.

காலை மீட்டுத் தந்த மருத்துவரை அவர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைத்தார். ஆனால், நன்றி சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. அந்த வல்லுநர் அன்று அந்தப் படுக்கையின் பக்கம் வராமலே போயிருந்தால்? ஏழை வீட்டுப் பிள்ளையின் கால், வழிப்போக்கராக வரும் வள்ளலின் மனக்கனிவைப் பொறுத்தா இருக்க வேண்டும்? கொடைக்குக் கைகூப்பலாம், உரிமைக்குக் கைகூப்ப வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை அவர் எந்த நூலிலும் படித்து அறியவில்லை, தோழர்களே, தம் சொந்தக் காலிலே கண்டறிந்தார். மேடைதோறும் அந்தக் கதையைச் சொன்னார். பல முறை கேட்டவர்களும் சலிக்காமல் கேட்டனர்.

1919 ஆம் ஆண்டு வின்னிபெக்கில் பொது வேலைநிறுத்தம். ஜூன் 21 ஆம் நாள் குதிரைப் போலீசார் கூட்டத்தின்மீது பாய்ந்து சுட்டதை, ஒரு கட்டடத்தின் கூரைமேல் இருந்து பார்த்தவர்களுள் பதினான்கு வயது டக்ளசும் ஒருவர். பின்பு அச்சகத் தொழிலாளி ஆனார். எழுத்துக் கோத்துச் சேர்த்த காசில் கல்லூரி போனார். பாப்டிஸ்டு திருச்சபையில் போதகர் ஆனார். 1930 ஆம் ஆண்டு சஸ்காட்சுவானின் வேபர்ன் என்னும் சிற்றூருக்குத் திருப்பணிக்கு வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்த காலம் எத்தகைய காலம்! உலகச் சந்தையிலே கோதுமை விலை சரிந்து கிடந்தது. மழையோ ஆண்டுக்கணக்கில் பொய்த்தது. உழுத மண் காற்றோடு எழுந்து, பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டிய அளவுக்கு வானத்தை மூடிற்று. 1937 ஆம் ஆண்டில் மாகாணத்தின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புஷலைக்கூடத் தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! கோதுமைக் களஞ்சியம் என்று புகழப்பட்ட மண்ணிலே, உழவன் நிவாரண ரொட்டிக்கு வரிசையில் நின்றான்.

பிரசங்க பீடத்தில் நின்று மறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இளம் போதகர், வாரத்துக்கு வாரம் இம்மையைப் புதைக்க வேண்டி வந்தது. பக்கத்தில் மருத்துவர் இல்லாமையால் குடல்வால் வெடித்து இறந்த பதினான்கு வயதுச் சிறுமியை அடக்கம் செய்ததையும், மனைவி மக்களை விட்டு இளவயதிலே மாண்ட ஆடவரை அடக்கம் செய்ததையும் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். 1931 ஆம் ஆண்டு செப்டம்பரில், வேபர்னுக்கு அருகில் உள்ள எஸ்டெவன் ஊரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஊர்வலத்தின்மீது போலீசார் சுட்டதில் மூவர் மாண்டனர். போதகர் அதைப் பற்றித் தேவாலயத்திலேயே பேசினார். அரசியலுக்கு வந்தது அப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். மறைத்துப் புகழ்வது நம் வேலையன்று. 1933 ஆம் ஆண்டு பல்கலைக்கழகப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வுரையிலே, அறிவுக் குறைபாடு உடையோர் என்று அன்று கருதப்பட்டோருக்குப் பிள்ளைப்பேறு இல்லாதபடி அறுவை செய்துவிடலாம் என்று பரிந்துரைத்தார். அந்நாளில் அறிஞர் பலர் அவ்வாறு பேசினர் என்பது விளக்கமாகலாம், மன்னிப்பு ஆகாது. 1936 ஆம் ஆண்டு ஜெர்மனிக்குச் சென்று நாஜிகளின் பேரணியை நேரில் கண்டார். அண்டை மாகாணமான ஆல்பர்ட்டா 1928 முதல் 1972 வரை அந்தக் கொடுஞ்சட்டத்தை வைத்திருந்தது. டக்ளஸ் முதலமைச்சரும் சுகாதார அமைச்சருமாக ஆன பிறகு, அதே யோசனை அறிக்கை வடிவிலே அவர் மேசைக்கு வந்தது. ஏற்க மறுத்துத் தள்ளினார். எழுதியதைச் செய்யாமல் விட்டதற்காக ஒரு தலைவரைப் பாராட்ட வேண்டி வருவது விந்தைதான்.

கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு என்ற கட்சி 1932 ஆம் ஆண்டு உழவர், தொழிலாளர், சமதர்ம அறிஞர் ஆகியோர் கூடித் தொடங்கியது. 1934 ஆம் ஆண்டு மாகாணத் தேர்தலில் அதன் சார்பில் வேபர்னில் நின்றார் டக்ளஸ், தோற்றார். மறு ஆண்டே நாடாளுமன்றத்துக்கு நின்று வென்றார். நகைச்சுவை அவர் நாவிலே குடியிருந்தது. கட்சித் தோழர் கில்லிஸ் சொன்ன எலிநாட்டுக் கதையை எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார். எலிகள் கூடித் தேர்தலுக்குத் தேர்தல் பூனைகளை ஆட்சியில் அமர்த்துகின்றன. கறுப்புப் பூனை கொடுமை செய்தால் வெள்ளைப் பூனை, வெள்ளைப் பூனை கொடுமை செய்தால் மீண்டும் கறுப்புப் பூனை. ‘எலிகளே ஆண்டால் என்ன?’ என்று கேட்ட எலிக்குக் கிடைத்தது சிறை. அவ்வளவுதான் கதை. லிபரல் கட்சிக்கும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் மாறிமாறி வாக்களித்துச் சலித்த உழவனுக்கு உரை வேண்டியிருக்கவில்லை!

1944 ஆம் ஆண்டு ஜூன் 15. சஸ்காட்சுவான் சட்டமன்றத்தின் 52 இடங்களில் 47 இடங்கள் அவர் கட்சிக்கு. வட அமெரிக்காக் கண்டத்திலே முதல் சமதர்ம அமைச்சரவை அமைந்தது.

இனித்தான் செய்தியின் கரு. ஆட்சிக்கு வந்தாயிற்று, என்ன ஆட்சி? மாகாண ஆட்சி! நாணயம் அடிக்கும் உரிமை இல்லை. வங்கிகள்மீது அதிகாரம் இல்லை. சுங்கவரி ஒட்டாவாவிலுள்ள மத்திய சர்க்காரின் கையில். கோதுமையின் விலை உலகச் சந்தையின் கையில். 1867 ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணத்துக்கு மிஞ்சியது கல்வி, மருத்துவமனை, உள்ளூர்ச் சொத்து, சாலை போன்றவை. ஒன்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள், பரந்து சிதறிய சமவெளியில். கருவூலமோ கடனில். ‘சமதர்மம் எங்கே, எங்கே?’ என்று கேட்கும் ஆர்வலர் ஒரு பக்கம். ‘பண்ணைகளைப் பறிக்கப் போகிறார்கள்’ என்று பயமுறுத்தும் பண முதலைகள் மறுபக்கம்.

‘அதிகாரம் இல்லை, ஆகவே எதுவும் இயலவில்லை’ என்று சொல்லிக் காலத்தை ஓட்டியிருக்கலாம். ‘எல்லாவற்றையும் இன்றே’ என்று கிளம்பி, ஈராண்டில் கருவூலத்தைக் கவிழ்த்துவிட்டு, பழியை ஒட்டாவாவின் தலையில் போட்டிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. நிதியமைச்சர் கிளாரன்ஸ் ஃபைன்ஸ், வரவுக்கு மேற்பட்டுச் செலவிட இடந்தராத மனிதர். கடன்காரனிடம் கையேந்தி நிற்கும் சர்க்கார் கடன்காரன் சொற்படிதான் ஆட வேண்டும் என்பதைப் பஞ்ச காலத்து உழவனைப் போலவே முதலமைச்சரும் உணர்ந்திருந்தார். முதலில் கடனைத் தீர், பிறகு கட்டு என்பதே முறையாயிற்று. சமதர்மிகள் வரவு செலவுக் கணக்கில் இத்தனை கறார் பேர்வழிகளாக இருப்பார்கள் என்று எதிர்க்கட்சியினர் எதிர்பார்க்கவே இல்லை.

தொழிலாளர் கூட்டுப் பேர உரிமைச் சட்டம், கடனுக்காக உழவனின் வீட்டை ஏலம் விடுவதைத் தடுக்கும் சட்டம், சிற்றூர்ப் பள்ளிகளைச் சேர்த்து வலுவாக்கும் ஏற்பாடு ஆகியவை முதல் ஆண்டிலேயே வந்தன. மோட்டார் வண்டிக் காப்புறுதியைச் சர்க்கார் எடுத்து நடத்திற்று. பண்ணை வீடுகளுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் சட்டம் 1949 ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளின் தம்பி தங்கையர் மின்விளக்கில் படித்தனர். 1947 ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம் ஒன்றை மாகாணச் சட்டமன்றம் இயற்றியது. ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைப் பிரகடனம் வெளியிட்டது அதற்கு மறு ஆண்டுதான்! ஆனால், அந்த மண்ணின் தொல்குடி மக்களுக்கு மாகாணத் தேர்தலில் வாக்குரிமை 1960 ஆம் ஆண்டில்தான் வந்தது. உரிமைச் சட்டம் இயற்றிய கைகளுக்கு இது பதின்மூன்று ஆண்டு ஏன் பிடித்தது என்ற கேள்வியை டக்ளசின் அன்பர்கள் தாண்டிச் செல்ல இயலாது.

சறுக்கல்களும் உண்டு. சர்க்கார் செருப்புத் தொழிற்சாலை திறந்தது, தோல் பதனிடும் சாலை திறந்தது, பெட்டித் தொழிற்சாலை, கம்பளி ஆலை எல்லாம் திறந்தது. இவை நிலைக்கவில்லை. நட்டம் கண்டபோது, கொள்கையின் பெயரைச் சொல்லி அவற்றைக் கட்டிக்கொண்டு அழாமல், இழுத்து மூடினார்கள். எதிர்க்கட்சி மேடைகளில் அந்தச் செருப்பு பல ஆண்டுகள் அடிபட்டது. அடிபட்டாலும், மின்சாரமும் தொலைபேசியும் காப்புறுதியும் சர்க்காரின் கையில் செழித்தன. எதைப் பொதுவுடைமை ஆக்கினால் மக்களுக்கு நன்மை, எதை ஆக்கினால் ஏளனம் என்பதைப் பட்டறிந்து தெளிந்தனர்.

சுகாதார இலாகாவை முதலமைச்சர் தம்மிடமே வைத்துக்கொண்டார், 1949 வரை. காலின் கதை நினைவிருக்கிறதல்லவா! 1945 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு, முதியோர் உதவித்தொகை பெறுவோர் போன்ற எளியோருக்கு மருத்துவம் இலவசம் ஆயிற்று. 1946 ஆம் ஆண்டு, ஸ்விஃப்ட் கரண்ட் என்ற வட்டாரத்தில் மட்டும் எல்லோருக்குமான மருத்துவத் திட்டம் வெள்ளோட்டம் விடப்பட்டது. 1947 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்புறுதி வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து டாலர். குடும்பம் எவ்வளவு பெரிதானாலும் முப்பது டாலருக்கு மேல் இல்லை. அதைக் கட்டினால் மருத்துவமனைப் படுக்கைக்குப் பணம் கேட்கக் கூடாது.

இதெல்லாம் ஒரு தலைவரின் மூளையிலே உதித்த மாயம் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்திலேயே, சார்னியா என்ற ஊராட்சி, ஊரை விட்டுப் போகவிருந்த மருத்துவரை நிறுத்திக்கொள்ள வரிப்பணத்திலிருந்து சம்பளம் கொடுத்தது. கோதுமையைக் கூட்டாக விற்க 1924 ஆம் ஆண்டில் கூட்டுறவு அமைப்புக் கண்ட உழவர்கள் அவர்கள். கோதுமைக்குக் கூட்டு, தானியக் கிடங்குக்குக் கூட்டு, மருத்துவருக்குக் கூட்டு! அந்த வித்து மண்ணில் இருந்தது. அதை மாகாணச் சட்டமாக வளர்த்தது டக்ளசின் திறம். மண்ணில் இல்லாததை மேலிருந்து நட்டிருந்தால், பின்னால் வந்த சூறைக்காற்றில் வேரோடு போயிருக்கும்.

1945 ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் மாகாணங்களோடு கூடி நலத்திட்டங்களைப் பேசியது, பேச்சு முறிந்தது. லிபரல் கட்சியோ மருத்துவக் காப்புறுதியை 1919 ஆம் ஆண்டிலேயே தன் திட்டத்தில் எழுதி வைத்த கட்சி. எழுதி வைத்ததோடு சரி. ஆக, மருத்துவமனைச் செலவை அந்த ஏழை மாகாணம் பதினோராண்டுகளுக்கு மேல் தனியாகவே சுமந்தது. சுமந்து காட்டியதால், ‘இயலாது’ என்ற சொல் மற்றவர் நாவில் செத்தது. 1957 ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் சட்டம் இயற்றியது. 1958 ஜூலை முதல், ஏறத்தாழப் பாதிச் செலவை ஏற்றது. அவ்வாறு மிச்சமான பணத்தைக் கண்டதும் டக்ளஸ் என்ன செய்தார்? வரியைக் குறைத்துக் கைதட்டல் வாங்கினாரா? இல்லை. பதினைந்து ஆண்டுகளாகக் காத்திருந்த அடுத்த படியில் கால் வைத்தார். படுக்கைக்கு மட்டுமின்றி, மருத்துவரின் கட்டணத்துக்கும் காப்புறுதி! 1959 டிசம்பரில் வானொலியில் அறிவித்தார்.

மூண்டது போர். மருத்துவர் சங்கம் பணம் திரட்டி, 1960 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு கட்சியைப் போலவே களம் இறங்கியது. நல்ல மருத்துவர்களெல்லாம் மாகாணத்தை விட்டு ஓடிவிடுவார்கள், வருபவர்கள் தரங்கெட்டவர்களாக இருப்பார்கள், நோயாளியின் அந்தரங்கமெல்லாம் குமாஸ்தாக்களின் கையில் சிக்கும் என்று வீட்டுக்கு வீடு துண்டறிக்கை போயிற்று. டக்ளஸ் வென்றார். ஆனால், வாக்குகளில் அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு நாற்பதை ஒட்டியே. எதிர்ப்பு பிரிந்து கிடந்ததால் இடங்கள் மிகுந்தன. இதை மறந்துவிடக் கூடாது. ‘மக்கள் தீர்ப்பு’ என்று முதலமைச்சர் சொன்னதும் உண்மை. ‘பெரும்பான்மை உங்களுக்கு வாக்களிக்கவில்லை’ என்று மருத்துவர்கள் சொன்னதும் உண்மை. போதாக்குறைக்கு, திட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக, ‘பெறுவோருக்கும் தருவோருக்கும் ஏற்புடையதாக இருக்கும்’ என்று முதலமைச்சரே வாக்குக் கொடுத்திருந்தார். நல்லெண்ணத்தில் கொடுத்த அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு, ‘எங்களுக்கு ஏற்புடையதன்று’ என்று மருத்துவர்கள் இரண்டு ஆண்டுகள் இழுத்தடித்தனர்.

இந்த வேளையில் நடந்ததுதான், தோழர்களே, என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1961 ஆகஸ்டில் ஒட்டாவாவில் புதிய ஜனநாயகக் கட்சி பிறந்தது. பழைய கட்சியும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கண்ட அகில கனடாக் கட்சி. தலைமைக்கு டக்ளசை அழைத்தனர். போனார். நவம்பர் 7 ஆம் நாள் முதலமைச்சர் பதவியை விட்டார். மருத்துவச் சட்டம் அதே மாதம் நிறைவேறியபோது நாற்காலியில் இருந்தவர் உட்ரோ லாயிட்.

அகில நாட்டுக்கும் திட்டத்தைக் கொண்டு போக ஒருவர் போகத்தான் வேண்டும் என்பர். சரி. ஆயினும், கொல்லன் உலையிலே இரும்பு பழுத்திருக்கும்போது சம்மட்டியைப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிட்டுப் போவது எளிய செயலா, ஏற்கத்தக்க செயலா? டக்ளசின் நாவன்மையில் பத்தில் ஒரு பங்குகூட லாயிட்டுக்கு இல்லை. பள்ளி ஆசிரியர், முப்பது வயதினராய் 1944 அமைச்சரவையில் கல்வி அமைச்சர் ஆனவர், கூட்டத்தைச் சிரிக்கவைக்கத் தெரியாதவர். 1962 மே மாதம் மருத்துவர்களின் கூட்டத்துக்குத் தனியே போய்ப் பேசினார், கூச்சலிட்டு அவமதித்தனர். ஜூன் 18 நாடாளுமன்றத் தேர்தல். மாகாணமே மருத்துவர் சண்டையில் கொதித்துக்கொண்டிருந்தது. டக்ளஸ் ரெஜைனாவில் வீழ்ந்தார். சஸ்காட்சுவானில் கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை.

தலைவரே வீழ்ந்தார்; சட்டம் நடைமுறைக்கு வரப் பதின்மூன்று நாட்களே இருந்தன. எந்த முதலமைச்சருக்கும் ‘ஒத்திவைக்கலாமே’ என்ற ஆசை அந்த இரவில் எழுந்திருக்கும். ஏற்கெனவே ஏப்ரலிலிருந்து ஜூலைக்கு ஒருமுறை ஒத்திவைத்ததுதான். மறுமுறை லாயிட் ஒத்திவைக்கவில்லை. ஜூலை முதல் நாள் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்குத் தனியாளுக்கு 12 டாலர், குடும்பத்துக்கு 24 டாலர். அன்றே மருத்துவர்கள் கதவை அடைத்தனர்.

இருபத்து மூன்று நாட்கள்! அவசரத்துக்கென்று சில மருத்துவமனைகளில் மட்டுமே மருத்துவர்கள் இருந்தனர். முதல் நாளிலேயே, மருத்துவரைத் தேடி ஊர் ஊராகக் காரில் கொண்டுபோகப்பட்ட பச்சிளங்குழந்தை ஒன்று இறந்தது. பழி யார்மேல்? ‘சர்க்கார்மேல்’ என்று எழுதின ஏடுகள். லண்டனுக்கு ஆள் அனுப்பி மருத்துவர்களை வரவழைத்தது லாயிட் அரசு. உழவர்களும் தொழிலாளர்களும் கூட்டுறவு முறையில் தாங்களே மருத்துவ நிலையங்கள் திறந்தனர். ஜூலை 11 ஆம் நாள் சட்டமன்றத்தின் முன் மாபெரும் எதிர்ப்புக் கூட்டம் என்று முரசறைந்தனர். பல பத்தாயிரம் பேர் திரள்வர் என்றனர். வந்தவர் நாலைந்து ஆயிரம். போரின் முதுகெலும்பு அன்றே முறிந்தது. மருத்துவரும் தொழிற்கட்சிப் பிரபுவுமான டெய்லர் இங்கிலாந்திலிருந்து வந்து நடுவு செய்தார். ஜூலை 23 ஆம் நாள் சாஸ்கட்டூனில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. மருத்துவர்கள் சம்பளக்காரர் ஆகவில்லை. பார்த்த நோயாளிக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறும் முறை தொடர்ந்தது. திட்டத்துக்கு வெளியே தொழில் செய்யும் உரிமையும் தரப்பட்டது. தூய கொள்கையாளருக்கு இது கசப்பு. ஆனால், எல்லோருக்கும் காப்புறுதி, அதைப் பொது அமைப்பே நடத்தும் என்ற இரண்டையும் லாயிட் விட்டுக்கொடுக்கவில்லை. எதை விடலாம், எதை விடலாகாது என்று தெரிந்து விட்டவர்.

1964 ஆம் ஆண்டுத் தேர்தலில் லாயிட் தோற்றார். இருபதாண்டு ஆட்சி முடிந்தது. வந்தவர் லிபரல் கட்சியின் ராஸ் தாட்சர். பிற்காலத்து இங்கிலாந்து அம்மையாருக்கும் இவருக்கும் தொடர்பில்லை. முன்பு டக்ளசின் கட்சியிலேயே இருந்து வெளியேறியவர், சமதர்மத்தைச் சாடியே பெயரெடுத்தவர். முதலில் எடுத்துக்கொண்ட அளவுகோலை இப்போது வைத்துப் பாருங்கள். சுத்தியல் அவர் கையில். பெரும்பான்மை அவர் பக்கம். மருத்துவர்கள் அவர் நண்பர்கள். திட்டத்தை உடைத்தாரா? இல்லை, உடைக்கத் துணியவில்லை! 1968 ஆம் ஆண்டு நோயாளியிடம் தனிக் கட்டணம் வாங்கும் ஏற்பாட்டை நுழைத்துப் பார்த்தார். 1971 ஆம் ஆண்டு அவரைத் தோற்கடித்து வந்த புதிய ஜனநாயகக் கட்சி அதையும் நீக்கிற்று.

டக்ளசின் மத்திய அரசியல் வாழ்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1962 இறுதியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். 1971 வரை தலைவர்; அவர் தலைமையில் கட்சிக்கு ஒரு தேர்தலிலும் 22 இடங்களுக்கு மேல் கிடைத்ததில்லை. ஆனால், 1963 முதல் 1968 வரை பிரதமர் பியர்சனின் லிபரல் ஆட்சி சிறுபான்மை ஆட்சி. தராசின் முள் சின்னக் கட்சியிடமும் இருந்தது. 1966 டிசம்பரில் மருத்துவக் காப்புறுதிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்த்து வாக்களித்தவர் இருவரே. ஐந்தாண்டுக்கு முன் ஊரைக் கொளுத்திய திட்டம்! 1971 ஆம் ஆண்டுக்குள் எல்லா மாகாணங்களும் அதில் சேர்ந்தன. 1970 ஆம் ஆண்டு அக்டோபரில், கியூபெக்கில் நடந்த கடத்தல்களைக் காட்டிப் பிரதமர் டுரூடோ போர்க்காலச் சட்டத்தைப் பிறப்பித்தபோது, நாடே ஆம் என்று முழங்கிய வேளையில், விசாரணையின்றிச் சிறையிடுவதை எதிர்த்து எழுந்தார் டக்ளஸ். வாக்குப் போகும் என்று தெரிந்தே எழுந்தார். போலீசாரோ 1939 முதலே அவரைக் கண்காணித்து ஆயிரம் பக்கத்துக்கு மேல் கோப்புச் சேர்த்து வைத்திருந்தனர். சிரித்துக்கொண்டே பேசிய மனிதரிடம் அத்தனை பக்கத்துக்கு என்ன இரகசியம் கண்டார்களோ!

1986 பிப்ரவரி 24 ஆம் நாள் ஒட்டாவாவில் காலமானார். 2004 ஆம் ஆண்டு, கனடா வானொலி தொலைக்காட்சி நிறுவனம் நடத்திய வாக்கெடுப்பில், கனடியருள் தலைசிறந்தவராக மக்கள் தேர்ந்தெடுத்தது பிரதமர் எவரையும் அன்று. இந்த மாகாண முதலமைச்சரை. 2010 ஆம் ஆண்டு வேபர்னில் அவருக்குச் சிலை எழுந்தது.

தகும், மறுக்கவில்லை. ஆயினும், அந்தச் சிலையின் நிழலில் இன்னொருவர் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பதினேழு ஆண்டு நிலத்தைப் பண்படுத்தியவர் டக்ளஸ். அறுவடையின்போது அடித்த ஆலங்கட்டி மழையைத் தலையில் தாங்கியவர் லாயிட். நாவன்மை உள்ளவருக்குச் சிலை, நாவன்மை இல்லாதவருக்கு? நம் கூட்டங்களிலும் மேடைக்கு முன் வரிசையில் நிற்பவரையே பார்த்துப் பழகிய கண்கள் அல்லவா நம்முடையவை!

லாயிட் 1970 ஆம் ஆண்டு கட்சித் தலைமையிலிருந்து விலகினார். பின்பு ஐக்கிய நாடுகள் அமைப்பின் வளர்ச்சிப் பணிக்காகத் தென்கொரியா சென்றார். 1972 ஏப்ரலில், அங்கே சியோல் நகரில், ஐம்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். சஸ்காட்சுவானின் மருத்துவக் காப்புறுதிக்கு அப்போது பத்தாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.